கால் கடுக்க

2021 செப்டம்பர் 13ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றம் நாற்காலி பற்றி ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. ஒரு வாரம் முன்பு, 6ஆம் தேதி, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் அதை அவையில் வைத்திருந்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று புதிதாக ஒரு பிரிவு. மிகச் சின்னது. எல்லாக் கடைகளிலும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும். வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கடைசி நிலையைச் சொல்ல ஆங்கில மூலத்தில் 'ஆன் தேர் டோஸ்' என்ற தொடரைப் போட்டிருக்கிறார்கள். கால்விரலில் நிற்பது. நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: கால் கடுக்க நிற்பது.

செய்தி வந்த அன்று என் டீமில் ஒருவர் கேட்டார்: "உக்கார்றதுக்கெல்லாமாங்க சட்டம் போடுவாங்க?" முதுகுக்கு ஒரு வளைவு, கைக்கு ஒரு தாங்கி, உயரத்தை ஏற்றி இறக்க ஒரு நெம்புகோல் என்று நாற்காலிகள் வைத்திருக்கும் மென்பொருள் அலுவலகத்தில் இந்தக் கேள்வி இயல்பாகவே எழும். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆவது பிரிவு ஏறக்குறைய இதையேதான் சொன்னது. நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு இருக்கை தர வேண்டும், இடையில் ஓய்வு வாய்க்கும்போது அவர்கள் உட்காரலாம். அதாவது, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விராலிமலையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நிற்பவருக்கு 1948லேயே எழுதி வைத்த உரிமை, திருச்சி ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு வந்து சேர 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஒரு ஸ்டூல் என்ன விலை வரும்? விலை காரணமாக இருக்க முடியாது. அப்படியென்றால் எது காரணம்?

உட்கார்ந்து விற்ற காலம்

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் போனால் அன்னவாசலைத் தாண்டியதும் சித்தன்னவாசல். எல்லோரும் குகைக்கோயில் ஓவியத்தைப் பார்க்கத்தான் போவார்கள். மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற இடத்தில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றன. அதில் ஒன்றின் அருகே தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்னார் இன்னாருக்காகச் செய்து கொடுத்த 'அதிட்டானம்' என்று அது சொல்கிறது. அதிட்டானம் என்றால் இருக்கை, தங்குமிடம். எங்கள் வட்டாரத்தின் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று, ஒருவர் இன்னொருவருக்கு இருக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைத்தான் பதிந்து வைத்திருக்கிறது. இருக்கை தருவது மரியாதை செய்வது. அந்த அர்த்தம் இன்றைக்கும் மாறவில்லை. வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசி அனுப்பினால் அதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

நான் சிறுவனாக இருந்த தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துச் சிற்றூர்களின் பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிச் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் முதலாளியும் உட்கார்ந்திருப்பார். கடைப்பையன் எழுந்து போய் அடுக்கிலிருந்து துணியை எடுத்து வருவான். பிரித்துக் காட்டும்போது அவனும் மெத்தையில் உட்கார்ந்துவிடுவான். விலை பேசி முடிய அரைமணி நேரமாகும். யாருடைய காலும் கடுக்காது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல முடியாது. அந்த மெத்தையில் எல்லாச் சாதிக்காரர்களும் ஏற முடிந்ததில்லை. தெருவில் நின்றபடியே துணி வாங்கிப் போன தலைமுறைகள் இங்கே உண்டு. யார் உட்காரலாம், யார் முன்னால் யார் நிற்க வேண்டும் என்பது நம் ஊரில் எப்போதும் எழுதாத சட்டமாக இருந்திருக்கிறது. 2020இல்கூட, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். நாற்காலி வெறும் மரச்சாமான் இல்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மெத்தையின் இடத்துக்குக் கவுன்ட்டர் வந்தது. பாரிஸ், லண்டன் நகரங்களில் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பெரிய பல்பொருள் அங்காடிகளின் வடிவம் அது. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் அதைக் கொண்டுவந்தது. சின்ன ஊர்களுக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. கண்ணாடி அலமாரி, குழல்விளக்கு, இடுப்புயர மேசை. அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் சீருடைப் பணியாளர்கள். இந்த அமைப்பில் வாங்குபவருக்கு மட்டும் சில இடங்களில் நாற்காலி உண்டு. விற்பவர் நிற்பார். நின்றால்தான் 'தயாராக இருக்கிறார்' என்று பொருள். உட்கார்ந்திருந்தால் 'சும்மா இருக்கிறார்'. உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்று பழமொழி சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஆக, கடையில் நிற்பது வேலைக்குத் தேவையானதால் மட்டும் நிற்பதில்லை. நிற்பதே காட்சிக்கு வைக்கப்பட்ட சரக்குகளில் ஒன்று. தொழிற்சாலைக்குள் வாடிக்கையாளர் வருவதில்லை. அங்கே தொழிலாளி உட்கார்ந்தால் யார் கண்ணையும் உறுத்தாது. கடையில் அது முதல் பார்வையிலேயே தெரியும். 73 ஆண்டு இடைவெளிக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

காலுக்குள் என்ன நடக்கிறது

இத்தாலியில் பதுவா என்றொரு பல்கலைக்கழக நகரம். அங்கே உடற்கூறியல் கற்பித்த ஃபாப்ரிசியஸ் 1603இல் சிரைகளுக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவை எதற்கு என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அவரிடம் படித்த ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் விடை சொன்னார்: ரத்தம் ஒரே திசையில், இதயத்தை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதற்காக.

கைக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. பாதத்திலிருந்து மேலே ஏற வேண்டிய ரத்தத்துக்குத்தான் கஷ்டம். இதயத்தின் தள்ளுவிசை அதற்குள் வெகுவாகக் குறைந்துவிடும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையைப் பிழிகிறது, ரத்தம் ஒரு படி மேலே ஏறுகிறது, வால்வு மூடிக்கொள்கிறது. நடக்கும்போது இது தானாக நடக்கும். அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. உடலியங்கியல் பாடநூல்கள் தரும் கணக்கு இது: அசையாமல் நிற்கும்போது பாதச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம், நடக்கும்போது அது 25க்கும் கீழே இறங்கிவிடும். முற்றிலும் அசையாமல் 15 முதல் 30 நிமிடம் நின்றால் ரத்தத்தின் கன அளவில் 10 முதல் 20 சதவீதம் வரை குழாய்களை விட்டுக் கசிந்து கால் திசுக்களில் தேங்கிவிட முடியும். அணிவகுப்பில் ஜவான்கள் மயங்கி விழுவது வெயிலால் மட்டும் இல்லை.

இந்தக் கசிவுதான் மாலையில் கணுக்காலில் வீக்கமாகத் தெரிகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் சிரைகள் விரிகின்றன, வால்வுகள் சரியாக மூடாமல் போகின்றன, ரத்தம் கீழ்நோக்கியே வழிகிறது. வெரிகோஸ் வெயின். ஊரில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். சுருண்டது நரம்பில்லை, சிரை. முற்றினால் கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து, லேசில் ஆறாத புண் வரும். டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, பெரும்பாலும் நின்றோ நடந்தோ வேலை செய்பவர்கள் வெரிகோஸுக்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு என்று கண்டது.

இதைக் கண்டுபிடிக்க 2005 வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. 1700இல் பெர்னார்தினோ ராமத்சீனி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். தொழில்சார் மருத்துவத்தின் தொடக்கம் அது என்பார்கள். அதே ஆண்டு அவரும் பதுவாவுக்குத்தான் பேராசிரியராக வந்தார். நின்று வேலை செய்பவர்களுக்கு அந்த நூலில் தனி அத்தியாயம் உண்டு. அவர்களுக்குக் காலில் சிரை புடைப்பதை எழுதினார். நடப்பதைவிட நிற்பது ஏன் அதிகம் களைக்க வைக்கிறது என்று யோசித்தார்: நடக்கும்போது தசைகள் மாறி மாறி ஓய்வெடுக்கின்றன, நிற்கும்போது ஒரே தசைகள் விடாமல் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இடையிடையே உட்காருங்கள், கொஞ்சம் நடங்கள் என்பதுதான் அவர் தந்த மருந்து. தமிழ்நாட்டின் 22-அ பிரிவு சொல்வதும் அதுதான். நடுவில் 321 ஆண்டுகள்.

என் சித்தி திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடம் வேலை பார்த்தார். காலையில் இலுப்பூரில் பஸ் ஏறினால் ராத்திரிதான் வீடு. பஸ்ஸில் இடம் கிடைத்தால் அதுதான் அன்றைக்கு அவர் உட்கார்ந்த முக்கால்வாசி நேரம். "நடந்துக்கிட்டே இருந்தாக்கூடப் பரவால்லடா தம்பி. கூட்டமில்லாத நேரத்துல சும்மா நிக்கணும் பாரு, அதுதான் கொல்லும்" என்பார். ராமத்சீனியின் அத்தியாயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தீபாவளிக் கூட்டத்தைவிட ஆடி முடிந்த வெறும் செவ்வாய்க்கிழமைதான் அவர் காலுக்கு எதிரி. டைல்ஸ் தரை, செருப்பு போடக்கூடாது. கழிப்பறை வேறு மாடியில் இருந்ததால் தண்ணீரும் குடிக்க மாட்டார்.

மூன்று பேருக்கு ஒரு நாற்காலி

இதே கதை லண்டனில் நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது. எச்.ஜி. வெல்ஸைக் காலயந்திரத்துக்காகத் தெரியும். அவர் 1880களின் தொடக்கத்தில் சவுத்சீயில் ஒரு துணிக்கடையில் பயிற்சிப் பையனாக இருந்தவர். நாளுக்கு 13 மணி நேரம் வேலை. அந்த வெறுப்பிலிருந்துதான் பின்னால் 'கிப்ஸ்' நாவல் வந்தது. அந்தக் காலத்தில் லண்டன் மருத்துவர்கள், கடைகளில் பெண்களை நாள் முழுக்க நிற்க வைப்பதைக் கண்டித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். 'லான்செட்' மருத்துவ இதழும் அதில் சேர்ந்துகொண்டது.

1881இல் நியூயார்க் மாநிலம் பெண் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் போட்டது. 1899இல் பிரிட்டன் போட்டது. பிரிட்டிஷ் சட்டத்தின் கணக்கு சுவாரஸ்யமானது: மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை. மூன்றில் ஒருவர் உட்கார்ந்தால் போதும், மற்ற இருவரும் நிற்கலாம் என்று எங்கோ யாரோ பேரம் பேசி முடித்திருக்கிறார்கள். ஆண்களுக்கு ஒன்றும் இல்லை. வெல்ஸ் மாதிரிப் பையன்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள். பெண்களுக்குத் தந்ததும் அவர்கள் தொழிலாளிகள் என்பதற்காகத் தந்ததாகச் சொல்ல முடியாது. நாளைக்குத் தாயாக வேண்டியவர்கள் என்ற கவலைதான் அந்த விவாதம் முழுக்க இருந்தது.

கலிபோர்னியாவில் இந்தச் சண்டை 2016 வரை நீண்டது. மருந்துக்கடைக் காசாளர்களும் வங்கி ஊழியர்களும் தொடுத்த வழக்குகளில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், ஒரு வேலையை உட்கார்ந்து செய்ய முடியுமா என்பதை அந்த வேலையை வைத்து முடிவு செய்ய வேண்டும், முதலாளியின் விருப்பம் மட்டுமே கணக்கில்லை என்றது. ஜெர்மனியில் சூப்பர்மார்க்கெட் காசாளர்கள் காலம்காலமாக உட்கார்ந்துதான் பில் போடுகிறார்கள். அதற்காக வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை.

மிட்டாய்த் தெரு

நமக்குப் பக்கத்தில் இதைத் தொடங்கியவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த பி. விஜி, கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு 2009இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். முதல் கோரிக்கை நாற்காலி இல்லை, கழிப்பறை. சித்தி தண்ணீர் குடிக்காமல் இருந்த அதே காரணம். அதில் கிடைத்த வெற்றிக்குப் பிறகுதான் உட்காரும் உரிமைக்கு வந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இரிக்கல் சமரம்', உட்காரும் போராட்டம். 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைப் பெண்கள், தங்களைத் தூர ஊருக்கு மாற்றியதை எதிர்த்து வாசலில் உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் நடந்தது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு போராட்டத்தின் முகம் நம் நினைவில் இல்லை. ரங்கநாதன் தெருக் கடைப் பணியாளர்களின் வாழ்க்கையை 2010இல் 'அங்காடித் தெரு' திரையில் காட்டியது. பார்த்தோம், கலங்கினோம், அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குப் போனோம். 2019 செப்டம்பர் 4ஆம் தேதி மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இருக்கை யோசனையை ஒருமனதாக ஏற்றது. அதே ஆண்டு ஜூனில்தான் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு அனுமதி தந்திருந்தது. கடை திறந்திருக்கும் நேரம் உடனே நீண்டது. நாற்காலி சட்டமாக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

மூலச் சட்டம் எழுதப்பட்ட 1947இல் இலுப்பூர் மெட்ராஸ் மாகாணத்திலேயே இல்லை, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இணைந்த பிறகுதான் அந்தச் சட்டம் எங்கள் கடைவீதிக்கு வர வழி பிறந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, நான்கு மணி நேர வேலைக்குப் பின் 1 மணி நேர ஓய்வு என்று அன்றே அதில் இருந்தது. இந்த வரிகள் நடைமுறையில் இருந்திருந்தால் பாதிக் கால்கள் தப்பியிருக்கும்.

வாய்ப்பு என்ற சொல்

சட்டத்தின் பலமும் ஓட்டையும் 'வாய்ப்பு' என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. உட்கார வாய்ப்பு வந்ததா இல்லையா என்று யார் முடிவு செய்வது? புரோகிராம் எழுதுபவனுக்கு இது பழகிய சிக்கல். நிபந்தனையை எழுதிவிட்டு, அது உண்மையா பொய்யா என்று சொல்லும் வேலையைச் சூப்பர்வைசரிடமும் சிசிடிவி கேமராவிடமும் கொடுத்தால், உள்ளே எவ்வளவு நல்ல வரி எழுதியிருந்தாலும் அது ஓடாது.

இந்தப் பக்கம் எங்கள் அலுவலகங்களில் நின்றுகொண்டே வேலை செய்யும் மேசைகள் வந்துவிட்டன. பட்டனை அழுத்தினால் மேலே ஏறும். உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கெடுதல் என்று நாங்கள் காசு கொடுத்து நிற்கிறோம். கால் வலித்தால் மறுபடி பட்டன். உடம்புக்கு வேண்டியது நிற்பதோ உட்கார்வதோ இல்லை, மாற்றிக்கொள்ளும் சுதந்திரம். அந்தப் பட்டன் யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

நின்று வேலை பார்ப்பவர்கள் இதை வாசித்தால், சட்டத்துக்காகக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. நிற்கும் இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம்; பம்பு ஓடும், யாருக்கும் தெரியாது. ஒரு காலை மாற்றி ஒரு காலை நாலு விரற்கடை உயரப் பலகையில் வைத்தால் இடுப்புக்கும் நல்லது. வெறும் டைல்ஸில் நிற்பதைவிடக் கீழே ரப்பர் விரிப்பு மேல். கடையில் விட்டால், குதிகாலைத் தாங்கும் மெத்தென்ற செருப்பு. ராத்திரி கால்மணி நேரம் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பது. வீக்கம் காலையிலும் வடியாவிட்டால், ஒரு காலில் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், தோல் கறுத்தால் டாக்டரிடம் போக வேண்டும். அழுத்தும் காலுறையையும் அவரிடம் கேட்டுவிட்டே போட வேண்டும். சர்க்கரை இருப்பவர்கள் தினமும் பாதத்தைப் புரட்டிப் பார்ப்பது கட்டாயம், புண் வந்தால் அவர்களுக்கு வலி தெரியாமலே போகலாம்.

சித்தி இப்போது வேறொரு கடையில் இருக்கிறார். அங்கே ஸ்டூல் இருக்கிறது. மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் உட்கார்வார்களாம். யாரும் திட்டுவதில்லையாம். "ஆனா படியில செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சிருவோம். பழகிப்போச்சு" என்றார். யாருடைய செருப்பு என்று கேட்டேன். சூப்பர்வைசரா?

"இல்லடா. உங்கள மாதிரி வாங்க வர்றவங்கதான்."

22-அ பிரிவால் தொட முடியாத இடம் இது. அங்கே முதலாளியும் இல்லை, அரசும் இல்லை. படியேறி வரும் நாம்தான் இருக்கிறோம். நம்மைப் பார்த்ததும் ஒருவர் எழுந்தால், "நீங்க உக்காந்தே காட்டுங்க" என்று சொல்ல ஐந்து வினாடி போதும். முதலில் இரண்டு பேருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.